ருக்மணிக்குச் சொன்ன திருத்தங்கள்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்த மலை பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. பன்னெண்டு வருசமா ஏறி எறங்குறேன். சத்தியமங்கலத்துல இருந்து ஆசனூரு போய்ச் சேர எப்படியும் ரண்டு மணி நேரம் ஆகுமுங்க, நடுவுல இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. வாந்தி வர்ற ஒடம்பா இருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் எடம் மாறிக்கிறேன்.

கையில வெச்சிருக்கிற கடுதாசியக் கொஞ்சம் காட்டுங்க. நினைச்சேன். அறிவியல் புனைகதைப் பயிலரங்கு, மூணு நாள், நடத்துபவர் ககனன். ககனன் நாந்தானுங்க. வேண்டாம், எந்திரிக்காதீங்க, வளைவுல விழுந்து வெச்சீங்கன்னா உங்க கதைய யாரு படிக்கிறது? சொந்தப் பேரு குழந்தைவேலு. காலேஜுல முப்பத்தோரு வருசம் இயற்பியல் நடத்துனேன். குழந்தைவேலுங்கிற பேர்ல ராக்கெட் விட்டா யாரும் நம்ப மாட்டாங்கன்னு ககனன்னு வெச்சுக்கிட்டேன். பாதி விசயம் பேருலதான் இருக்குது.

இதுதான் மொதல் தடவைங்களா? பயப்படாதீங்க. இல்லை, பயப்படுங்க, பயம் நல்லதுதான். நம்ம பயிலரங்குல தடவிக் குடுக்கிற வேலையெல்லாம் கெடையாது. மத்த எடத்துக்குப் போனீங்கன்னா, அருமையா இருக்குது, இன்னும் கொஞ்சம் செதுக்குங்கன்னு சொல்லி டீ குடுத்து அனுப்பிருவாங்க. எனக்கு அந்தப் பொய் வராதுங்க. அது உங்களுக்கு ஒரு நோவுன்னு வீட்டுக்காரி சொல்லுவா, இருந்துட்டுப் போகுது.

நம்மகிட்ட ஒரு முறை இருக்குதுங்க, இப்பவே தெரிஞ்சுக்குங்க. கதைய எல்லாரும் முன்னமே படிச்சுட்டு வந்துருவாங்க. எழுதுன ஆளு, முன்னால போட்டிருக்கிற நாற்காலியில செவுத்தப் பாத்து உக்காரணும். எங்களுக்கு முதுகுதான் தெரியும். வர்றவங்க அதுக்குப் பொண நாற்காலின்னு பேரு வெச்சிருக்காங்க. நான் வெச்ச பேரு இல்லை, ஆனாச் சரியான பேரு. எழுதி முடிச்ச அன்னிக்கே எழுதுனவன் செத்துட்டான். செத்தவன் எந்திரிச்சு வந்து, நான் நினைச்சது இதுதான்னு வாசகன் காதுல ஓத முடியுமா? அதனால பேசக்கூடாது. கடைசி ஆளு பேசி முடிக்கிற வரைக்கும் பேசக்கூடாது. முடிஞ்சதுக்குப் பொறவும் பேசக்கூடாது. அடுத்த ஆளு வந்து உக்காரணுமில்லீங்களா, நேரமாகுமே.

அந்த நாற்காலியில மூணு வருசம் உக்காந்த ஒரு அம்மிணி கதைய உங்களுக்குச் சொல்றேன். நாளைக்கு நீங்க உக்காரப் போறீங்க, ஒரு தைரியமா இருக்கும்.

பேரு ருக்மணி. உடுமலைப் பக்கம். ஹேச்சரியில வேலை. கோழிக்குஞ்சு பொரிக்க வெக்கிற எடமுங்க, பாத்திருக்கீங்களா? பெரிய பெரிய மெஷினுக்குள்ள ஆயிரக்கணக்குல முட்டைய அடுக்கி, சூடு வெச்சு, இருபத்தொரு நாள்ல குஞ்சு எடுப்பாங்க. அந்தப் புள்ளைக்கு முட்டைத் தட்டு மாத்துற வேலை. பன்னெண்டாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க போல. பயிலரங்குப் படிவத்துல வேலை, படிப்பு எல்லாம் எழுதணும், எடுத்ததுமே பாத்தேன். படிப்பைப் பாத்து ஆளை எடை போடுறவன் இல்லீங்க நான். சும்மா பாத்தேன்.

கதை என்னன்னா, ஒரு விண்கலம். பேரு இல்லை. கலத்துக்கு ஒரு பேரு வெக்கணும்கிறது கூடத் தெரியலை. உள்ள பத்தாயிரம் பொட்டி, ஒவ்வொரு பொட்டியிலயும் ஒரு கொழந்தை வளருது. கலம் போய்ச் சேர்ற அன்னிக்கு அத்தனையும் பொறக்கணும். பாத்துக்க ஒரே ஒரு பொம்பளை, பேரு செல்லாயி. பொறக்குறதுக்கு முந்தின நாள் கதவத் தொறக்குறா. உள்ள சுத்திக்கிட்டிருந்த காத்தாடி நிக்குது. பொட்டிக்குள்ள இருந்து சத்தம். ஒண்ணு கூப்புடுது, பக்கத்துப் பொட்டி பதில் சொல்லுது, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது அதுக்குச் சொல்லுது. போலாமா, போலாம்ங்கிற மாதிரி. அதுங்க பொறக்குறதுக்கு ஒரு நேரம் குறிச்சிருக்காங்க. அந்த நேரத்துக்குள்ள கொழந்தை வெளிய வராத பொட்டிய எல்லாம் வெட்டவெளியில தள்ளிரணும்னு உத்தரவு. எல்லாம் பொறந்துருது. நேரமும் முடிஞ்சுருது. ஒரே ஒரு பொட்டி மட்டும் இன்னும் கூப்புட்டுக்கிட்டே கெடக்குது. பதில் சொல்லப் பக்கத்துல யாரும் இல்லை. செல்லாயி அது பக்கத்துல உக்காந்து பதில் சொல்றா. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. தள்ளுனாளா, தள்ளலையா, ஒண்ணும் இல்லை.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? நல்லா இருக்குதுன்னு தோணுதுங்களா? அது நான் சொல்ற விதமுங்க. அந்தப் புள்ள எழுதுனது வேற.

நாற்காலியில உக்கார வெச்சு ஆரம்பிச்சேன். இருநூறு வருசம் கழிச்சுச் செல்லாயின்னு யாராவது பேரு வெப்பாங்களான்னு கேட்டேன். ஒருத்தன் சிரிச்சான். கலத்துல வெளக்கமாறு வருது, எந்தக் கடையில வாங்குனதுன்னு கேட்டேன். நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. பொறவுதான் முக்கியமான எடத்துக்கு வந்தேன். பொறக்காத கொழந்தை, மூடுன பொட்டிக்குள்ள, தண்ணிக்குள்ள மெதந்துக்கிட்டு எப்படிங்க சத்தம் போடும்? எனக்கு அறிவியல் வேணும். நான் கேட்டேன், அம்மிணி, உங்க ஹேச்சரியில முட்டைக்குள்ள இருந்து குஞ்சு உங்களுக்கு மிஸ்டு கால் குடுத்துச்சுங்களான்னு.

நாப்பது பேருங்க. ஒரு மனுசன் மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான், கண்ணுல தண்ணி. நானும் சிரிச்சுட்டேன், இல்லைன்னு சொல்லலை. அதுக்குப் பொறவு யாரு பேச எந்திரிச்சாலும் காதுல கைய வெச்சு, ஹலோ, யாருங்க, குஞ்சுங்களான்னு ஆரம்பிக்கிறாங்க. அரை மணி நேரம் ஓடுச்சு. பன்னெண்டு வருசத்துல அவ்வளவு கலகலப்பா ஒரு அமர்வு நடந்ததில்லை.

அந்தப் புள்ள முதுகு அப்படியே இருந்துச்சு. ஒரு தடவை கைய மட்டும் தூக்குச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தூக்குற மாதிரி. செத்தவங்க கை தூக்கக்கூடாது அம்மிணின்னேன். எறக்கிருச்சு. விதின்னா விதிதானுங்க, ஆளுக்கு ஒண்ணு வெக்க முடியாது.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில எனக்குப் பின்னால வந்து நின்னுச்சு. "சார், அது வந்துங்க"ன்னு ஆரம்பிச்சுது. விளக்கம் சொல்ற எழுத்தாளர் வளர மாட்டாங்க அம்மிணின்னேன். "சரிங்க சார்"னு சாம்பார் வாங்கிட்டுப் போயிருச்சு. பொறவு பாத்தா ஓரமா உக்காந்து நான் சொன்னதையெல்லாம் நோட்டுல எழுதுது. எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு, கூப்புட்டு ஒரு நுணுக்கம் சொல்லிக் குடுத்தேன். உங்களுக்கும் சொல்றேன், குறிச்சுக்குங்க. ஒரு கதையில நடக்காத விசயம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். ஒண்ணை வாசகன் நம்புவான், ரண்டாவது வந்தா எந்திரிச்சுப் போயிருவான். உங்க கதையில ரண்டு இருக்குது அம்மிணி, கலம் ஒண்ணு, சத்தம் ஒண்ணு. கலத்தை வெச்சுக்கிட்டுச் சத்தத்தை எடுத்துருங்கன்னேன்.

மறு வருசம் எடுத்துட்டு வந்துச்சுங்க. சத்தத்துக்குப் பதிலா ஒரு கருவி. அதிர்வெண், அலைநீளம், ரண்டு பக்கம் பூரா நம்பரு. எந்தப் புஸ்தகத்துல தேடிப் புடிச்சுதோ. செல்லாயி போய் நியா-9னு ஒருத்தி. வெளக்கமாறு போய் ரோபோ. கலத்துக்குப் பேரு வெச்சிருந்துச்சு. நான் சொன்னது ஒண்ணு விடலை, அத்தனையும் பண்ணியிருந்துச்சு. படிச்சா வாசிங் மெஷினோட குடுப்பாங்களே ஒரு புஸ்தகம், அது மாதிரி இருந்துச்சு. அதையே சொன்னேன். உசுரு எங்க அம்மிணி, மனுசி எங்கன்னு கேட்டேன்.

பின்னால இருந்து ஒரு பொண்ணு, கவுசல்யான்னு பேரு, "போன வருசம் நீங்கதானே சார் இதெல்லாம் மாத்தச் சொன்னீங்க"ன்னா. நான் சொன்னேன், அறிவுரைய அப்படியே கேக்குறவங்க எழுத்தாளரே இல்லம்மா, எதைக் கேக்கணும் எதைத் தள்ளணும்னு தெரியணும், அதைச் சொல்லித் தர முடியாதுன்னேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. அந்தப் புள்ள முதுகும் லேசா ஆடுச்சு. அதையும் நோட்டுல எழுதிக்கிச்சுன்னு நினைக்கிறேன்.

சரிங்களா, வயிறு பொரட்டுதுங்களா? மூஞ்சி வெளுத்திருக்குது. எலுமிச்சம்பழம் இருக்குது, மோந்துக்குங்க. இன்னும் பத்து வளைவுதான்.

மூணாவது வருசம் உசுரைப் போட்டுட்டு வந்துச்சு. அழுகைன்னா அழுகை. நியா-9 அழுகுறா, கலத் தலைவன் அழுகுறான், ரோபோ கூடக் கண்ணைத் தொடைக்குது. அம்மிணி, டிவியில ரத்தாயிப்போன சீரியலு எதையாவது கலத்துல ஏத்தி விட்டுட்டீங்களான்னு கேட்டேன். சிரிப்பு வந்துச்சு, ஆனா மொத வருசம் மாதிரி இல்லை. ஆளுங்களுக்கே அலுத்துப்போச்சு. அன்னிக்குத்தான் முடிவு பண்ணுனேன், யாராவது ஒருத்தர் இந்தப் புள்ளைகிட்ட உண்மையச் சொல்லணும். எல்லாரும் நல்லவங்களாவே இருந்தா எப்படி? எல்லாரு முன்னாலயும் சொன்னேன். அம்மிணி, உழைப்பு இருக்குது, ஒழுக்கம் இருக்குது, கற்பனை இல்லை. அது பொறவியில வரணும். வருசா வருசம் லீவு போட்டுட்டு உடுமலையில இருந்து வந்து ஏன் கஷ்டப்படுறீங்க, ஆசைய வேற எதுலயாவது வைங்க, எழுத வேண்டாமுங்கன்னு சொன்னேன்.

நாற்காலிய விட்டு எந்திரிச்சு வந்து அதோட எடத்துல உக்காந்து, நோட்டை எடுத்து, எழுத வேண்டாம்ங்கிறதையும் எழுதிக்கிச்சு. தேதி போட்டு. பக்கத்துல உக்காந்திருந்த கவுசல்யா பாத்துட்டு வந்து சொன்னா. அந்த மாதிரி ஒரு மாணவி கெடைக்கிறது கஷ்டமுங்க.

அடுத்த வருசம் வரலை. நான் சொன்னதை முழுசாக் கேட்ட ஒரே ஆளு.

அந்த வருசந்தான் ஒரு பதிப்பகம் அறிவியல் குறுநாவல் போட்டி வெச்சாங்க. நான் எழுதி ஆறு வருசம் ஆயிருந்துச்சு. எழுத வரலைன்னு இல்லீங்க. மத்தவங்களைத் திருத்தியே நம்ம நேரம் போயிருது. உக்காந்து பாத்தேன், ஒண்ணும் ஓடலை. களம் புதுசா இருக்கணும், இதுவரைக்கும் யாரும் தொடாததா இருக்கணும். ஹேச்சரி ஞாபகம் வந்துச்சு. அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன். மொதல் மணியிலயே எடுத்துச்சு. எடுத்ததும், "இப்ப எழுதுறதில்லீங்க சார்"ங்குது. திருடி மாட்டிக்கிட்ட ஆளாட்டம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இல்லம்மிணி, உங்க ஹேச்சரியச் சும்மா ஒருக்காப் பாக்கணும்னேன்.

மேனேஜருகிட்ட அனுமதி வாங்குனதெல்லாம் அந்தப் புள்ளதான். வெளியாளு உள்ள போகணும்னா குளிச்சுட்டு, அவங்க குடுக்கிற துணியப் போட்டுக்கிட்டுத்தான் போகணும், எனக்குன்னு புதுத் துண்டு வாங்கி வெச்சிருந்துச்சு. மெஷினு கதவத் தொறந்துச்சு. உள்ள சுத்திக்கிட்டிருந்த காத்தாடி நின்னுச்சு. நின்னதும் தம்பி, கேட்டுச்சு. ஒரு முட்டை கூட ஒடையலை, ஒரு கீறல் இல்லை. உள்ள இருந்து கீச்சு கீச்சுன்னு. இந்தத் தட்டுல ஒண்ணு கூப்புட்டா அந்தத் தட்டுல இருந்து பதில் வருது. எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.

அம்மிணி, இதை நீங்க எழுதியிருக்கணும்னேன். மனசாரச் சொன்னேனுங்க.

அந்தப் புள்ள என் மூஞ்சியவே பாத்துச்சு. "எழுதுனனுங்க சார்"னுச்சு.

அது வேற, அதுல ஆதாரம் இல்லைன்னேன். தெனமும் கேக்குறேன்னு கதைக்கு அடியில ஒரு குறிப்புப் போட்டிருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? எங்க வேலை பாக்குதுன்னு படிவத்துல இருந்துச்சு, நான் பாத்தேன், ஆனாப் படிவம் கதை இல்லையே. வாசகன் கையில படிவமா குடுப்பீங்க? இதுவும் நுணுக்கந்தானுங்க, குறிச்சுக்குங்க.

பொறவு இன்னொண்ணும் காட்டுச்சு. இருபத்தொண்ணாவது நாள் ஒரு நேரம் வெச்சிருக்காங்க. அதுக்குள்ள பொரிக்காத முட்டையெல்லாம் கழிவு, கூடையில கொட்டி வெளிய அனுப்பிருவாங்க. வேற மெஷினுல இருந்து அன்னிக்குக் கொட்டி வெச்ச கூடைக்குள்ள இருந்து ஒண்ணு இன்னும் கத்துது. இதைக் கொட்டுறது யாருன்னு கேட்டேன். "நாந்தானுங்க சார். வாரத்துல ரண்டு நாளு."

இது கத்திக்கிட்டு இருக்குதே, என்ன பண்ணுவீங்கன்னேன்.

"பதில் சொல்லுவனுங்க. அது நிறுத்துற வரைக்கும்."

எப்படின்னு கேட்டேன். குனிஞ்சு, நாக்கை மேலண்ணத்துல ஒட்டி டிக், டிக்குன்னு ஒரு சத்தம் பண்ணிக் காட்டுச்சு. கூடைக்குள்ள இருந்து பதில் வந்துச்சு தம்பி. நான் அங்கயே நோட்டை எடுத்துட்டேன்.

பதினோரு நாள்ல எழுதி முடிச்சேன். அவ்வளவு வேகமா வாழ்க்கையில எழுதுனதில்லை. ஒரு விண்கலம், பத்தாயிரம் பேழை. நான் பொட்டின்னு போடலை, பேழைன்னு போட்டேன், அங்கதான் எழுத்து இருக்குது. செல்லாயிங்கிற பேரை அப்படியே வெச்சேன், ஒரு மண்வாசனைக்கு. வெளக்கமாறையும் வெச்சேன். நடுவர்கள் மூணு பேரும் அந்த வெளக்கமாறைத் தனியாக் குறிப்பிட்டிருந்தாங்க. கடைசியில செல்லாயி அந்தப் பேழைய என்ன பண்ணுனான்னு சொல்லாம விட்டது பெரிய துணிச்சல்னு எழுதியிருந்தாங்க. மொதப் பரிசு.

கவுசல்யா ஒரு கடுதாசி போட்டா. இது ருக்மணி அக்கா கதை சார்னு. சின்னப் புள்ளைத்தனம். கரு யாருக்கும் சொந்தமில்லீங்க, அது காத்துல இருக்குது, வடிவம் குடுக்கிறவன்தான் எழுத்தாளன். அந்தப் புள்ள வடிவம் குடுக்கலையான்னு கேப்பீங்க. குடுத்துச்சு, ஆனா அதை அதுவே மூணு வருசத்துல அழிச்சுப்போட்டுதே, நானா அழிச்சேன்? கவுசல்யாவ இந்த வருசம் கூப்புடலை. ருக்மணிக்கு மட்டும் நானே கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அனுப்புனேன். ஹேச்சரித் தகவல்களுக்கு நன்றின்னு எழுதியிருந்தேன். எத்தனை பேரு அப்படி நன்றி சொல்லுவாங்க, சொல்லுங்க.

பதில் வரலை. நானும் எதிர்பாக்கலை.

போன மாசம் பதிப்பகத்துல ரண்டாம் பாகம் கேட்டாங்க. சரின்னுட்டேன். எனக்கு இன்னும் கொஞ்சம் தகவல் தேவைப்பட்டுச்சு, ராத்திரி ஷிப்டுல அந்தச் சத்தம் எப்படி இருக்கும், மழை நாள்ல எப்படி இருக்கும், அந்த மாதிரி. போன் போட்டேன். "சார், நான் இப்ப அங்க இல்லீங்க. திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு வந்துட்டேன்"னுச்சு. கோவம் வந்துச்சு தம்பி, மறைக்காமச் சொல்றேன். பதினாலு வருச வேலை, எனக்கும் அங்க வேற யாரையும் தெரியாது. ஏன் அம்மிணி விட்டீங்கன்னேன்.

தையல் மெஷினு ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பொறவு சொல்லுச்சு.

"கதவத் தொறந்தா காத்தாடி நிக்குமில்லீங்க சார். இப்பெல்லாம் அது நின்னா எனக்குக் குஞ்சு சத்தம் கேக்கிறதில்லீங்க. நாப்பது பேரு சிரிக்கிறதுதான் கேக்குது. ஒருநா கூடையக் கொட்டிட்டு, பதில் சொல்லாமயே வந்துட்டேன். உள்ள கூப்புட்டுதா இல்லையான்னே தெரியலைங்க. அன்னிக்கே நின்னுட்டேன்."

போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேனாவத் தேடுனேன். எடுக்குறதுக்குள்ள பாதி போயிருச்சு. அம்மிணி, ரண்டாவதாச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்கன்னேன். சொல்லுச்சுங்க. நான் எழுதுறதுக்குத் தோதா நிறுத்தி நிறுத்திச் சொல்லுச்சு.

ரண்டாம் பாகத்துக்கு அதுதானுங்க மொதப் பத்தி. ஒரு எழுத்துக் கூடத் திருத்தலை.